கட்டினவன் பெயர் எங்கே?

மலர் வெளியிடாத சங்கம் நம் நாட்டில் உண்டா? தீபாவளிக்கு மலர், மகாநாட்டுக்கு மலர், பள்ளிக்கூடத்தின் வெள்ளி விழாவுக்கு மலர், கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர். மளிகை வியாபாரிகள் சங்கமும் மலர் போடுகிறது. மருத்துவர்கள் சங்கமும் மலர் போடுகிறது. விழாப் பந்தலின் வாசலில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் அந்தப் புத்தகத்தை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். நம் புகைப்படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கிறோம். அதோடு அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது எடைக்குப் போட்டாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் கட்டிடக் கலைஞர்கள் சங்கம் ஒன்று மலர் வெளியிடுகிறதென்றால், நாம் சற்று அதிகமாகவே எதிர்பார்க்கலாம். இடத்தை அளந்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று வகுப்பதே அவர்களுடைய தொழில். வீட்டுக்கு வாசல் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் புத்தகத்துக்கு வாசல் வைக்கத் தெரியாதா? இந்தியக் கட்டிடக் கலைஞர் கழகம் பம்பாயில் 1917ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி ஒரு மாணவர் சங்கமாகப் பிறந்தது. ‘கேட்வே ஆப் இந்தியா’வைக் கட்டிய ஜார்ஜ் விட்டெட்தான் அதன் முதல் தலைவர். 1929இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. 2017இல் நூறு வயதைக் கடந்தது. தமிழ்நாட்டிலும் அதற்குக் கிளை உண்டு. நூறு வயதைத் தாண்டிய சங்கத்துக்கும் அதன் கிளைகளுக்கும் ஏதாவது ஒரு விழா வந்துகொண்டேதான் இருக்கும். விழா வந்தால் மலர் கமிட்டியும் வந்துவிடும்.

கமிட்டி கூடினால் என்ன நடக்கும் என்பது எந்தச் சங்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். முதலில் வாழ்த்துச் செய்திகள். மந்திரியிடமிருந்து ஒன்று, மேயரிடமிருந்து ஒன்று, துணைவேந்தரிடமிருந்து ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம். பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் படங்கள். பிறகு நிர்வாகக் குழுவின் குரூப் போட்டோ. அதில் பின்வரிசையில் நிற்பவர்களின் முகம் தெரியாது. பிறகு சிமெண்டு, கம்பி, டைல்ஸ், பெயிண்ட், லிப்ட் கம்பெனிகளின் விளம்பரங்கள். இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது போக, மிச்சமிருக்கும் பக்கங்களில் அங்கத்தினர்கள் கட்டிய கட்டிடங்களின் படங்கள். எல்லாம் பெயிண்ட் அடித்த மறுநாள் எடுத்தவை. மனித நடமாட்டமே இருக்காது. படத்துக்குக் கீழே ஆர்கிடெக்டின் பெயரும் சொந்தக்காரரின் பெயரும் மட்டும். ஞாபகார்த்த மலர் என்று அட்டையில் போட்டிருக்கும். யாருடைய ஞாபகம், எதைப் பற்றிய ஞாபகம் என்று கேட்டால் பதில் வராது.

இந்த லட்சணத்தை மாற்ற விரும்பும் கமிட்டி ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு யோசனை: முதல் கூட்டத்தைச் சென்னையில் ஏர்கண்டிஷன் அறையில் நடத்த வேண்டாம். மரக்காணத்துக்குப் போய், உப்பளத்து வரப்பில் நின்றபடி நடத்துங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கட்டிடக் கலையைப் பற்றிய மலரில் இடம்பெற வேண்டியவை, ஆனால் வழக்கமாக இடம்பெறாமல் போகிறவை, அந்தக் கரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிறையக் கிடக்கின்றன.

உப்பும் கால்வாயும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் மரக்காணம். அங்கிருந்து புதுச்சேரி இன்னும் 35 கிலோமீட்டர். சாலையின் ஓரத்திலேயே கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி வைத்ததுபோல் பாத்திகள் தெரியும். கோடையில் அங்கே கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிமிர்ந்து பார்க்க முடியாது. ஆனால் அங்கே வேலை செய்கிற பெண்களின் கண்ணில் கண்ணாடி கிடையாது. கடல் நீரும் கழிமுக நீரும் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குப் போகப் போகக் கனத்துக்கொண்டே வந்து, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைகிறது. வாருபலகையால் அதை இழுத்துக் கரையில் அம்பாரமாகக் குவித்து, ஓலை போட்டு மூடுகிறார்கள். ஐப்பசி மழை வந்தால் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். தை, மாசியில் மறுபடி சேற்றை வழித்து, வரப்புக் கட்டி, தரையை மிதித்து இறுக்கிச் சமன் செய்ய வேண்டும். ஒரு மூலை சற்றுத் தாழ்ந்தாலும் உப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மட்டப் பலகை வைத்துத் தரை போடும் கொத்தனார்கூட இத்தனை பெரிய தரையைக் காலாலேயே மட்டம் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். ஆண்டுதோறும் கட்டி, ஆண்டுதோறும் மழைக்குக் கொடுக்கிற இந்தக் கட்டுமானத்தின் அமைப்புப் படத்தை எந்தக் கட்டிடக் கலை மலராவது ஒரு பக்கத்தில் போட்டால் குறைந்தா போய்விடும்?

உப்பு மட்டும் அல்ல. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை இந்த ஊர்தான். ஆந்திரத்தில் பெத்தகஞ்சத்தில் தொடங்கிச் சென்னையை ஊடுருவி மரக்காணத்தில் முடிகிற அந்தக் கால்வாயின் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது அது. 1877-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களைக் கொண்டு சென்னை நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மண் சுமந்த பஞ்சக் கூலிகளில் ஒருவருடைய பெயரும் கால்வாய்க்கரையில் எங்கும் இல்லை. நம் கட்டுரையின் விஷயம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கால்வாய் வழியேதான் உப்பும் விறகும் கிளிஞ்சலும் தோணிகளில் ஏறிச் சென்னைக்குப் போயின. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, அம்மியில் அரைத்து, சுவரில் பூசிக் கல்லால் தேய்த்தால் பளிங்குபோல முகம் தெரியும். ‘மெட்ராஸ் சுனம்’ என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதினார்களே, அது இந்தச் சோழமண்டலக் கரையின் சரக்கு. சென்னையின் பழைய மாளிகைகளைப் பற்றிப் பேசுகிற புத்தகங்களில் வளைவுகளின் பெயர்களும் தூண்களின் பெயர்களும் வரும். கழுத்தளவு கழிமுகத்தில் நின்று கிளிஞ்சல் அள்ளியவர்களும், சூளைப் புகையில் நின்றவர்களும் ஒரு வரியிலாவது வர வேண்டாமா?

கல்லில் இருக்கும் மலர்

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தப் பகுதிதான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். ஊருக்குள் பூமீசுவரர் கோயில் இருக்கிறது. சோழர் காலத்துக் கற்றளி. சுவரில் ராஜராஜன் காலத்திலிருந்து கல்வெட்டுகள். உப்புக் காற்றில் ஆயிரம் வருஷம் நின்ற எழுத்து.

நம் முன்னோர்கள் மலர் போட்ட விதம் அது. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு கொடுத்தார், எத்தனை விளக்கு எரிய வேண்டும், அதற்கு எண்ணெய் எவ்வளவு, மேற்பார்க்க வேண்டியவர் யார் என்று கணக்குப் புத்தகம்போல் வெட்டி வைத்தார்கள். அதன் உச்சம் தஞ்சைப் பெரிய கோயில். கோயில் பணி 1010ஆம் ஆண்டு வாக்கில் முடிந்தது. ஆடல் பெண்கள் நானூறு பேரின் பெயரும் அவர்கள் குடியிருந்த தெருவும் வீட்டின் வரிசையும் கல்லில் உள்ளன. விளக்குப் பிடித்தவர், குடை பிடித்தவர், துணி வெளுத்தவர், நாவிதர் எல்லோரும் உண்டு. அவர்களோடு கட்டியவர்களும் உண்டு: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவனுக்குத் துணை நின்ற இரண்டு பெருந்தச்சர்களின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. சக்கரவர்த்தி தன் பட்டப் பெயரையே தன் தச்சனுக்குக் கொடுத்து, அதைக் கல்லிலும் ஏற்றினான். இன்றைக்குத் திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பாருங்கள். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று மூன்றடுக்குப் பெயர் இருக்கும். பெருந்தச்சனுக்கு இடம் போதவில்லை!

கோயில்களில் அந்த வழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. கும்பாபிஷேக மலர்களைப் புரட்டிப் பார்த்தால், எந்த மண்டபத்தை யார் செலவில் புதுப்பித்தார்கள், ஸ்தபதி யார், எந்தக் கோபுரத்துக்கு எவ்வளவு செலவு என்று விவரம் இருக்கும். மதுரை மீனாட்சி கோயிலில் பி.டி. ராஜன் முயற்சியில் திருப்பணி நடந்து 1963இல் கும்பாபிஷேகம் ஆனபோது வெளிவந்த மலரை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். வாழ்த்துச் செய்திகளுக்காக அல்ல, உள்ளே இருக்கும் விவரங்களுக்காக. கட்டிடக் கலைஞர் சங்கம் முதலில் கையில் எடுக்க வேண்டிய மாதிரி இதுதான் என்பது என் கட்சி. அன்னிய நாட்டு ஆர்ட் பேப்பர் புத்தகங்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

படத்துக்குக் கீழே நான்கு வரி

பெயர் போடுவது சுலபமான காரியம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஹைகோர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் மாளிகையைக் கட்டியவர் யார்? முதலில் வரைந்தவர் பிராசிங்டன். அதை மாற்றி முடித்தவர் ஹென்றி இர்வின். கூட நின்றவர் ஸ்டீபன்ஸ். அத்தனை செங்கல்லையும் அடுக்கிக் காட்டிய காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார். பொதுவாக இர்வின் பெயரைச் சொல்லி விட்டுவிடுகிறோம்.

மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம் இன்னும் நல்ல உதாரணம். கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் தொப்பி விழ அண்ணாந்து பார்த்த கட்டிடம் அது. ஒரு காலத்தில் தேசத்திலேயே உயரமானது. யுனைடெட் இந்தியா இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காக அதைத் திட்டமிட்டவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்து போனார். 1956இல் ஆயுள் இன்ஷியூரன்ஸ் தேசியமயமாயிற்று, கட்டிடமும் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. வரைந்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரௌனும் மௌலினும். அவர்கள் 1957இல் விலகிய பின், மீதி வேலையை ஏற்று முடித்தவர் சென்னைக் கட்டிடக் கலைஞர் எல்.எம். சிட்டாலே. 1959 ஆகஸ்டு 23ஆம் தேதி மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். இப்போது சொல்லுங்கள், படத்துக்குக் கீழே யார் பெயரைப் போடுவீர்கள்? லண்டன்காரர்களை விட்டால் பிசகு. சிட்டாலேயை விட்டால் அதைவிடப் பிசகு. ஆகவே படத்துக்குக் கீழே ஒரு வரிக்கு மட்டும் இடம் விடுகிற புத்தக அமைப்பே சரியில்லை. நான்கு வரிக்கு இடம் விட வேண்டும். நினைத்தவர், வரைந்தவர், கட்டியவர், முடித்தவர். புத்தகத்தைச் சித்திரிக்கிற ஆர்ட்டிஸ்ட் ‘வெள்ளை இடம் கெட்டுப்போகும்’ என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

நான்கு வரியிலும் அடங்காத ஒருவர் உண்டு. அவர் மேஸ்திரி. 1972ஆம் ஆண்டின் ஆர்கிடெக்ட் சட்டப்படி, பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே ‘ஆர்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பட்டத்துக்குத்தான் காப்பு, வீடு வரைகிற தொழிலுக்கு இல்லை என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் நீங்கள் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலானவை மேஸ்திரிகள் தரையில் குச்சியால் கோடு கிழித்துக் கட்டியவைதான். சங்கத்தின் மலர் சங்க அங்கத்தினர்களுக்குத்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அங்கத்தினர் வரைந்த வீட்டையும் ஒரு மேஸ்திரிதானே கட்டினார்? ஒரு விசித்திரம் பாருங்கள்: சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் கட்டிடக் கலைக்குத் தனித் துறை வந்ததும் 1957, மரக்காணத்துக்கு வடக்கே இதே சாலையில் உள்ள மாமல்லபுரத்தில் அரசாங்கச் சிற்பப் பள்ளி வந்ததும் 1957. ஒன்றில் டி-ஸ்கொயர் பிடித்தார்கள். மற்றொன்றில் உளி பிடித்தார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மலரில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆணியை எண்ணிய கட்டிடம்

மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் புதுச்சேரியில், கட்டினவர்கள் பலருடைய பெயரும் தெரிந்த கட்டிடம் ஒன்று இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. ஹைதராபாத் சமஸ்தானத்துத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் பணம் வந்ததால் அந்தப் பெயர். வரைந்தவர் டோக்கியோவில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட், பிறப்பால் செக் தேசத்தவர். கூட இருந்தவர்கள் ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய வம்சத்து அமெரிக்கரும், கார்பூசியரிடம் வேலை பார்த்த சாமர் என்ற மற்றொரு செக்காரரும். 1937இல் வேலை தொடங்கியது; நடுவில் உலக யுத்தம் வந்தது; சாமான் கிடைக்கவில்லை; 1945 வாக்கில்தான் முடிந்தது. காண்டிராக்டர் கிடையாது. கூலியாட்களோடு ஆசிரமவாசிகளும் வேலை செய்தார்கள். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுப் பிடிகளும் தாழ்ப்பாள்களும் வார்த்தார்கள். கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார்கள். சுவருக்கு? நம் கரையின் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சுத்தான். வெளிப்புறம் முழுவதும் திருப்பினால் திறக்கும், மறுபடி திருப்பினால் மூடும் படுக்கைப் பலகைகள்; காற்று நுழையும், வெயில் நுழையாது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டிடங்களில் ஒன்று என்று வெளிநாட்டார் வந்து பார்க்கிறார்கள். 2010இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே வந்தது.

அறுபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தை எழுத முடிந்ததென்றால் காரணம், வரைபடங்களையும் கடிதங்களையும் கணக்குகளையும் யாரோ பத்திரப்படுத்தியிருந்தார்கள். சாதாரணமாக நம் ஊரில் கட்டிடம் முடிந்த மறுநாளே வரைபடச் சுருள் பரண்மேல் ஏறும். பத்து வருஷத்தில் பூச்சி அரிக்கும். கடற்கரை ஊர்களில் ஈரமும் பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். பழைய நீல நகல்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. அந்த நீலச் சாயம் சுண்ணாம்புக் காரம் பட்டால் வெளுத்துவிடும். சுண்ணாம்பால் கட்டிய வீட்டின் வரைபடம் சுண்ணாம்புச் சுவரோரம் சாய்ந்து கிடந்தே அழிவதை என்னவென்று சொல்வது! பம்பாயில் ஜி.பி. மாத்ரே என்ற சிறந்த கலைஞர் வரைந்த கட்டிடங்களைக் கட்டிடக் கலைஞர் கமு ஐயர் சிரமப்பட்டுத் திரட்டி 2000இல் புத்தகமாக்கினார். மாத்ரே காலமானது 1973இல். இலங்கையில் மின்னெட் டி சில்வா தம்முடைய புத்தகத்தைத் தாமே திரட்டினார். படம், கடிதம், வரைபடம், ஞாபகக் குறிப்பு எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டு அமைத்த அந்தப் பெரிய புத்தகம் 1998இல் வந்தது. அதே வருஷம் நவம்பரில் அவர் கண்ணை மூடினார். பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். மலர் என்பது விழாவுக்காகத்தான் என்று நினைக்கிற கமிட்டிகள் இந்த இரண்டு கதைகளையும் ஒருமுறை படிக்கலாம்.

அச்சுக்கூடத்து விஷயம்

அமைப்பு விஷயத்தில் சில சங்கதிகள் சின்னவைபோலத் தோன்றும். உதாரணமாக அளவு. ‘கால் அங்குலம் ஓர் அடி’ என்று எழுதிய வரைபடத்தைப் பக்கத்துக்கு அடங்கும்படி சுருக்கி அச்சடிக்கிறார்கள். படம் பாதியாகிவிட்டது, எழுத்து மட்டும் இன்னும் கால் அங்குலம் என்றே சொல்கிறது. அதை நம்பி அளக்கிற மாணவனுக்குப் பத்தடி அறை ஐந்தடியாக வரும். எண்ணுக்குப் பதிலாக ஓர் அளவுக்கோடு போட்டுவிட்டால், படத்தோடு அதுவும் சுருங்கும், பொய் சொல்லாது. மெல்லிய கோடுகள் சுருக்கத்தில் மறைந்து போகும். சுருக்கப் போகிறோம் என்று தெரிந்து மறுபடி வரைய வேண்டும். வீட்டின் கூடம் சரியாகப் புத்தகத்தின் தையலுக்குள் விழும்படி இரண்டு பக்கத்தில் வரைபடத்தைப் பரப்புவது பொதுவான வியாதி. பதினாறு பதினாறு பக்கமாக மடிகிற தாளில் எந்தப் பக்கம் எங்கே விழும் என்று பைண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. கடற்கரை வீட்டுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று இன்னொன்று. கார்பூசியரின் எட்டு வால்யூம்களைப் போலப் புத்தகம் குறுக்குவாட்டில் நீளமாக இருந்தால்தான் நவீனம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் அது நிற்காது. நீட்டிக்கொண்டு நின்று முதலில் முனை மடங்கும்.

உப்பு எழுதும் விமரிசனம்

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் கமிட்டியை மரக்காணத்துக்குப் போகச் சொன்னேன்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. அதன் பிறகு இந்தக் கரையோரக் குப்பங்களில் ஓலைக் குடிசை இருந்த இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் பறந்த இடங்களில் கான்கிரீட்தான் உயிரைக் காத்தது, சந்தேகமில்லை. ஆனால் கான்கிரீட்டுக்கு உள்ளே கம்பி இருக்கிறது. உப்புக் காற்று மெல்ல மெல்ல உள்ளே புகுந்து கம்பியைத் தொட்டால் அது துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கடலோர வீடுகளில் தளத்தின் அடிப்பாகம் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்புபோலத் தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழே குழந்தையைத் தூளியில் போட்டிருப்பார்கள்.

இதற்கு மருந்து தெரியாததல்ல. இந்திய நிர்ணய விதி 2000ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறது: சாதாரண இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும், கடற்கரைக் காற்றில் 45 மில்லிமீட்டர் வேண்டும். முக்கால் அங்குலத்துக்கும் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஓர் அங்குலத்தில் சிமெண்டையும் கூலியையும் மிச்சம் பிடித்தால், இருபது வருஷத்தில் வீடு பதில் சொல்லும். கலவைக்குக் கழிமுகத்து மணலையும் உவர்த் தண்ணீரையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் சொல்லும்.

எந்த மலரிலாவது இதைப் பார்த்திருக்கிறோமா? ‘இந்தக் கட்டிடத்தை இந்த வருஷம் கட்டினோம். இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தோம். வடகிழக்கு மூலையில் தூண் பிளந்திருக்கிறது. காரணம் இது’ என்று ஒரு பக்கம்? வைத்தியர்கள் கூடினால் பிழைத்த நோயாளியைப் பற்றியும் பேசுகிறார்கள், பிழைக்காத நோயாளியைப் பற்றியும் பேசுகிறார்கள். கட்டிடக் கலைஞர்கள் கூடினால் திறப்பு விழாவோடு கதை முடிந்துவிடுகிறது. புது பெயிண்ட் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதே கோணத்தில் இருபது வருஷம் கழித்து எடுத்த படம் ஒன்று இருக்கட்டும். கொடியில் துணி காயட்டும். வாசலில் வலை கிடக்கட்டும். வீட்டுக்காரி சேர்த்துக்கொண்ட ஓலைத் தாழ்வாரம் தெரியட்டும். ஆர்கிடெக்ட் வரையாத அந்தத் தாழ்வாரம் வீட்டுக்கு ஏன் தேவைப்பட்டது என்று ஒரு பத்தி எழுதினால், அடுத்த வீடு வரைகிறவருக்கு அது எவ்வளவு உபயோகம்! இப்படி எழுதினால் அங்கத்தினர் கோபித்துக்கொள்வார், வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. முதல் பக்கத்தில் சங்கத் தலைவரின் சொந்தக் கட்டிடத்தையே வைத்துத் தொடங்கினால் கோபம் பாதியாகக் குறையும்.

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்துக்கு அருகே கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. நவாபிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தது. பீரங்கி இடித்தது போக, மிச்சத்தைச் சுனாமியும் சற்றுக் கரைத்தது. இத்தனைக்குப் பிறகும் நிற்கிற சுவர்த் துண்டுகளில் சுண்ணாம்பு கெட்டியாகவே இருக்கிறது. அங்கே கம்பி கிடையாது, ஆகவே துரு கிடையாது. மலரில் இந்தச் சுவரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும், பிளந்த தூணின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் ஒரே அளவில், அடுத்தடுத்துப் போடலாம். கட்டுரையே வேண்டாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். விளம்பரம் இல்லாமல் மலர் இல்லை. 1946இல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்தும் கட்டிடக் கலைஞர் சிலரும் ‘மார்க்’ பத்திரிகையைத் தொடங்கியபோதுகூட டாட்டாவின் விளம்பரங்கள்தான் கைகொடுத்தன. வரட்டும். சிமெண்டு விளம்பரத்தைப் புத்தகத்தின் கடைசியில் சேர்த்துத் தனிக் காகிதத்தில் தைத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வாழ்த்துச் செய்திகளுக்கும் அங்கேயே இடம் கொடுக்கலாம்.

அச்சடித்த பிரதிகளில் சிலவற்றை எடுத்து வைக்கவும் மறக்கக் கூடாது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. புத்தகம் வெளியிட்ட முப்பது நாளுக்குள் பிரசுரகர்த்தர் தம் சொந்தச் செலவில் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் பம்பாய், டில்லியில் உள்ள நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சங்க மலர்கள் எத்தனை அப்படிப் போய்ச் சேருகின்றன? கன்னிமாராவுக்கு ஒன்று, கிண்டிக்கு ஒன்று, மாமல்லபுரத்துக்கு ஒன்று. நான்கு வரிக்குக் கீழே பெயர் வந்த ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒன்று. தபாலில் அனுப்பாமல், கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மரக்காணத்தில் கொடுக்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் போனால் பாத்தி மிதிக்கிற வேலையையும் பார்த்துவிட்டு வரலாம். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். அதற்கு மேல் வெயில் தாங்காது.